எல்லை தாண்டி வரும் உரம்

பெங்களூரு ஒரு நீர்ப்பிரிமேட்டின் மேல் அமர்ந்திருக்கும் நகரம். அதன் மேற்குச் சரிவில் விழும் சாக்கடை விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் கலந்து காவிரிக்குப் போகிறது. கிழக்குச் சரிவில் விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தட்சிண பினாகினியில் சேர்கிறது. அந்த ஆறு ஓசூர்ப் பக்கம் தமிழக எல்லைக்குள் நுழைந்ததும் தென்பெண்ணை ஆகிறது. நுழைந்த சற்று தூரத்திலேயே அதைத் தடுத்து நிறுத்துவது கெலவரப்பள்ளி அணை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெங்களூருக்குக் குடிநீர் காவிரியிலிருந்து போகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் உயரம் ஏற்றி. குளித்து, துவைத்து, கழிப்பறையில் ஊற்றிய பிறகு அதில் பெரும்பங்கு கிழக்கே சரிந்து தென்பெண்ணையில் இறங்குகிறது. காவிரி நீருக்காக நீதிமன்றப் படியேறிக் களைத்த தமிழகத்துக்கு, அதே காவிரி கேட்காமலே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வழியாக வந்து சேர்ந்துவிடுகிறது. நுரையோடு.

மழைக்காலத்தில் கெலவரப்பள்ளியின் மதகுகள் திறக்கும்போதெல்லாம் வெண்நுரை மலைபோல் எழுவதும், தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவோடு ஓடுவதும், அதிகாரிகள் பாட்டிலில் மாதிரி எடுத்துப் போவதும் சடங்காகவே ஆகிவிட்டன. நுரை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் செய்தியாகிறது. அதற்கு முதன்மைக் காரணம் சோப்புத்தூளில் இருக்கும் நுரைக்கும் வேதிப்பொருள்கள். அவை முழுதாகச் சிதையாமல் ஏரியடிச் சேற்றில் தங்கி, வெள்ளம் கலக்கும்போது மேலே வருகின்றன. ஆனால் அதே தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து வரும் இரண்டு பொருள்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நைட்ரஜன், பாஸ்பரஸ். உழவர் பேச்சில் தழைச்சத்தும் மணிச்சத்தும். நுரை அடங்கிய பிறகு நீர்ப்பரப்பைப் பச்சைக் குழம்பாக்குவதும், ஆகாயத்தாமரையைக் கரையிலிருந்து கரை வரை படரவிடுவதும், மீன்கள் மூச்சுமுட்டிச் செத்து மிதக்க வழிசெய்வதும் இவைதான்.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர்ச் சாக்கடையில் லிட்டருக்கு 40 முதல் 50 மில்லிகிராம் நைட்ரஜனும் 5 முதல் 8 மில்லிகிராம் பாஸ்பரசும் இருப்பது வழக்கம். பத்துக் கோடி லிட்டர் கழிவுநீரை எடுத்துக்கொண்டால் (பெங்களூரின் கிழக்குச் சரிவு ஒரு நாளில் வெளியேற்றுவதில் இது ஒரு பகுதிதான்) அதில் சுமார் 4,500 கிலோ நைட்ரஜன் இருக்கும். இருநூறுக்கும் மேற்பட்ட மூட்டை யூரியாவுக்குச் சமம். பாஸ்பரஸ் சுமார் 600 கிலோ, அதாவது அறுபது மூட்டை டிஏபியில் உள்ள மணிச்சத்து. சாகுபடிப் பருவத்தில் டிஏபி மூட்டைக்காகக் கூட்டுறவுச் சங்க வாசலில் உழவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த டிஏபிக்கான பாறை பாஸ்பேட்டையும் அமிலத்தையும் நாடு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. வாங்கியதை வயலில் போட்டு, விளைந்ததைத் தின்று, கழித்து, ஆற்றில் விட்டுப் பாசி வளர்க்கிறோம். ஒரு கிராம் பாஸ்பரஸ், மற்றவை போதுமான அளவு இருந்தால், உலர் எடையில் நூறு கிராமுக்கு மேல் பாசியை உண்டாக்கும். அந்த 600 கிலோவுக்கு அறுபது டன்னுக்கு மேல். அந்தப் பாசி செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும்.

இரண்டில் எது முக்கியக் குற்றவாளி என்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நன்னீர் ஏரிகளைப் பொறுத்தவரை முடிவாகிவிட்ட கேள்வி. கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உண்டு. 1973இல் டேவிட் ஷிண்ட்லரின் குழு, 226 என்று எண்ணிட்ட ஏரியை அதன் ஒடுங்கிய இடையில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசும். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சையாக மாறியது. சோப்பு நிறுவனங்கள் தங்கள் பாஸ்பேட்டைக் காப்பாற்ற, கார்பன்தான் காரணம் என்று வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. வானத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு புகைப்படம் அந்த வாதத்தை முடித்து வைத்தது. நைட்ரஜன் குறைந்தால் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் காற்றில் கிடையாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு நம் சட்டம் என்ன செய்தது? மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 நவம்பரில் வெளியிட்ட வரைவில், சுத்திகரிப்பு நிலையங்கள் வெளியேற்றும் நீரில் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. 2017 அக்டோபர் 13 அன்று வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரி இல்லை. மிஞ்சியவை நான்கு: அமில-காரத் தன்மை, பிஓடி, மிதக்கும் திடப்பொருள், மலக்கிருமி எண்ணிக்கை. வரைவில் 10 ஆக இருந்த பிஓடி வரம்பும் பெருநகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 30 என்று தளர்ந்தது. பாஸ்பரசுக்கு அட்டவணையில் இடமே இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரல் 30 அன்று இந்தத் தளர்வை ஏற்க மறுத்தது. பெருநகரங்களில் பிஓடி 10, மொத்த நைட்ரஜன் 10, ஏரி குளங்களில் விடுவதானால் மொத்த பாஸ்பரஸ் 1 என்று நிபுணர் குழு சொன்னதைப் பின்பற்றச் சொன்னது. தீர்ப்பாயம் சொன்ன எண் அனுமதிக் கடிதங்களில் எழுதப்படுவதுண்டு. ஆனால் நிலையத்தின் நாளேட்டில் தினமும் எழுதப்படுவது பிஓடியும் திடப்பொருளும்தான்; மேலதிகாரி வந்தால் முதலில் கேட்பதும் அவற்றைத்தான்.

பிஓடி என்பது நீரில் அழுகக்கூடிய பொருள் எவ்வளவு என்பதன் அளவு. வழக்கமான காற்றூட்டத் தொட்டி அதை நன்றாகவே குறைத்துவிடும். வெளியே வரும் நீர் தெளிந்திருக்கும், நாற்றம் இருக்காது, திறப்பு விழாவில் அமைச்சர் கண்ணாடிக் குவளையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குவளைக்குள் உள்ளே வந்த பாஸ்பரஸின் பெரும்பங்கு அப்படியே இருக்கலாம். பாக்டீரியாக்கள் தங்கள் உடல் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும் சிறு பங்கு மட்டுமே குறைந்திருக்கும். ஒரு ஏரிக்கு வேண்டியது தெளிவான நீர் மட்டுமல்ல, மெலிந்த நீர். அழுக்கை எடுத்துவிட்டு உரத்தை விட்டுவைத்த நீரில் வெயில் நன்றாக உள்ளே புகும். பாசிக்கு அதைவிட வசதி வேறில்லை.

நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டையும் எடுக்க நுண்ணுயிர்களுக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்த வரலாற்றில் பெங்களூருக்கே ஓர் இடம் உண்டு என்பதுதான் கசப்பு.

கதை பாரிஸில் தொடங்குகிறது. 1877இல் ஸ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஒரு நீண்ட குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, சாக்கடை நீரை அதன் வழியே மெதுவாக ஓடவிட்டார்கள். ஏறக்குறைய இருபது நாள் எதுவும் நடக்கவில்லை. உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகு அது நைட்ரேட்டாக மாறி வரத் தொடங்கியது. குளோரோபாம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. அதை வெளியேற்றிவிட்டுக் கொஞ்சம் மண் கரைசலை ஊற்றினார்கள், மறுபடி ஆரம்பித்தது. வெறும் வேதிவினை மயக்க மருந்துக்கு அடங்காது. உள்ளே உயிர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி அந்த உயிர்களைப் பிரித்தெடுத்தார். அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் கூட்டம் ஒன்று, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் கூட்டம் வேறொன்று என்றார். நூற்றாண்டுக்கு மேல் பாடப்புத்தகங்கள் அப்படித்தான் சொல்லி வந்தன. இரண்டு வேலையையும் ஒன்றே செய்யும் பாக்டீரியா உண்டு என்று 2015இல் வியன்னாவிலும் நெதர்லாந்தின் நைமேகனிலும் இருந்த குழுக்கள் காட்டின. இவ்வளவு காலம் நம் தொட்டிகளிலும் குழாய்களிலும் இருந்தும் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

1914இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் இருவரும் சாக்கடை நீரை ஒரு பாத்திரத்தில் வைத்துக் காற்றைச் செலுத்தினார்கள். அம்மோனியா முழுதும் நைட்ரேட்டாக முதல் தடவை ஐந்து வாரம் பிடித்தது. அடியில் தங்கிய சேற்றை அவர்கள் வீசிவிடவில்லை. அதன் மேலேயே புதுச் சாக்கடையை ஊற்றிக் காற்றூட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு நாளுக்குள் வேலை முடிந்தது. உலகம் முழுவதும் இன்று பயன்படும் செயலூட்டிய சேற்று முறை இதுதான். அதை முதலில் செய்தவர்கள் வேலை முடிந்ததா என்று பார்க்க அளந்தது நைட்ரேட்டைத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் பின்னால்தான் அதை மறந்தோம்.

அந்த இருவருக்கும் வழிகாட்டியவர் கில்பர்ட் ஃபவுலர். அவர் 1916இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்குப் பேராசிரியராக வந்தார். அவருக்குப் பிறகும் அங்கே கழிவுநீர் ஆய்வு அறுபடவில்லை. 1940களில் வி. சுப்ரமணியனும் எஸ்.சி. பிள்ளையும் அந்தச் சேற்றில் வாழும் ஒருசெல் விலங்குகளின் பங்கை ஆராய்ந்து எழுதினார்கள். 1959இல் ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை ஆகிய மூவர் ஒரு சிறு ஆய்வுக் குறிப்பு வெளியிட்டார்கள்: காற்றூட்டப்பட்ட சேறு கழிவுநீரின் பாஸ்பரஸை மிக வேகமாக, தன் வளர்ச்சிக்கு வேண்டியதைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. பாஸ்பரஸை உயிரியல் முறையில் நீக்குவது பற்றிய வரலாற்றை எழுதும் துறை நூல்கள் இந்தப் பெங்களூருக் குறிப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. அதே நகரத்தில், சுமார் 900 ஏக்கர் பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் 2018இலும் தீப்பிடித்துப் புகைந்தது. தண்ணீர் எரிகிறது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின.

பெங்களூரு கண்டதை ஊர் ஊராக ஓடும் தொழில்நுட்பமாக்கியவர்கள் வேறு நாட்டினர். 1970களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், டாஸ்பூர்ட் சோதனை நிலையத்தில் நைட்ரஜனை எடுக்க முயன்றுகொண்டிருந்த ஜேம்ஸ் பர்னார்ட், எதிர்பாராமல் பாஸ்பரசும் காணாமல் போவதைப் பார்த்தார். காற்றே படாத ஒரு கட்டத்தைச் சேறு முதலில் கடந்து வந்தால்தான் இது நடக்கிறது என்று பிடித்தார். நீர்த்தட்டுப்பாடு கொண்ட வறண்ட நாடு, ஒரே நீரை அணைக்கு அணை திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம். அதனால் அங்கே இந்த ஆய்வுக்குப் பணமும் கிடைத்தது. 2011இல் சிங்கப்பூர் அவருக்கு லீ குவான் யூ நீர் விருது கொடுத்தது.

பாஸ்பரஸை இப்படி அள்ளிக்கொள்ளும் பாக்டீரியா செய்வதை நம் வீட்டுக் கணக்கிலேயே சொல்லலாம். பஞ்ச மாதத்தில் நகையை அடகு வைத்து நெல் வாங்கும் குடும்பம், அறுவடை வந்ததும் நகையை மீட்டு, கையில் மிஞ்சியதற்கு இன்னொரு நகையும் வாங்குமே, அது போல. காற்றில்லாத தொட்டியில் அது தன் உடலில் சேர்த்து வைத்திருக்கும் பாஸ்பேட் சங்கிலியை உடைத்து ஆற்றல் எடுத்து, சாக்கடையிலுள்ள எளிய அமிலங்களை விழுங்கிக் கொழுப்புபோன்ற சரக்காக வைத்துக்கொள்கிறது; அந்நேரம் நீரில் பாஸ்பரஸ் கூடத்தான் செய்யும். அடுத்த தொட்டியில் காற்று கிடைத்ததும் அந்தச் சரக்கை எரித்து, விட்டதையும் அதற்கு மேலும் பாஸ்பேட்டை நீரிலிருந்து அள்ளிக்கொள்கிறது. மற்ற பாக்டீரியாக்களுக்குக் காற்றில்லாத இடத்தில் இந்த அடகு வசதி இல்லை. அதனால் அங்கே சாப்பாடு முழுதும் இதற்கே போகிறது, இதன் கூட்டமே பெருகுகிறது. சாதாரணச் சேற்றின் உலர் எடையில் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும் பாஸ்பரஸ், இந்தச் சேற்றில் 5 சதவீதத்தையும் தாண்டும்.

தாண்டியதைத் தினமும் நிலையத்திலிருந்து வெளியே எடுத்தால்தான் பயன். பாஸ்பரஸ் வாயுவாகிப் பறந்துவிடாது. சேற்றுக்குள் போன மணிச்சத்து சேற்றோடுதான் வெளியேற வேண்டும். லாரிக்குக் காசில்லை என்று நான்கு நாள் சேற்றைக் கெட்டிப்படுத்தும் தொட்டியில் காற்றின்றி விட்டுவைத்தால், பாக்டீரியா மறுபடி அடகுக்கடைக்குப் போய்விடும். பாஸ்பரஸ் திரும்ப நீரில் கரைந்து தலைத்தொட்டிக்கே வந்து சேரும்.

ஏரிகளில் டிரம் டிரம்மாக நுண்ணுயிர்க் கரைசலைத் தெளிக்கும் மோகத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். களிமண்ணோடு பிசைந்த நுண்ணுயிர் உருண்டைகளைப் பள்ளிக் குழந்தைகளை வைத்து வீசச் செய்வதும் நடக்கிறது. நாற்றம் சில நாள் குறையலாம். ஆனால் ஏரிக்குள் இருக்கும் பாஸ்பரஸ், உருண்டை விழுந்த பிறகும் ஏரிக்குள்தான் இருக்கும். நீரிலிருந்து பாக்டீரியாவுக்கு, பாக்டீரியாவிலிருந்து சேற்றுக்கு, சேற்றிலிருந்து மறுபடி நீருக்கு. பாக்டீரியாவுக்குப் பஞ்சம் எந்த ஏரியிலும் இல்லை. இல்லாதது, அவற்றை முதலில் காற்றில்லாமல் வைத்து, பிறகு காற்றில் வைத்து, பிறகு வெளியே எடுக்கும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் சுத்திகரிப்பு நிலையம். பொதுப்பணத்தில் பாக்டீரியா பொடி வாங்கும் உள்ளாட்சிகள், வாங்குவதற்கு முன்னும் பின்னும் மொத்த பாஸ்பரஸ் எவ்வளவு என்று ஒரே ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டாலே போதும், இந்த வியாபாரம் சுருங்கிவிடும்.

நைட்ரஜன் கதை வேறு. அதற்கு வானத்தில் வழியிருக்கிறது. கழிவுநீரிலுள்ள நைட்ரஜனில் பெரும்பங்கு சிறுநீரிலிருந்து வருவது. அம்மோனியாவாக நிலையத்துக்குள் நுழைகிறது. காற்றுள்ள தொட்டியில் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்கும். காற்றில்லாத தொட்டியில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைச் சுவாசித்து, நைட்ரஜனை வாயுவாக வெளியே விடும். நாம் மூச்சிழுக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருப்பது அதே வாயுதான்.

பணம் இல்லை என்று சொல்லும் அதிகாரிகள் இந்த இடத்தில் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. அந்த ஆக்சிஜனை ஊதித்தள்ளும் ப்ளோயர்களே நிலையத்தின் மின்கட்டணத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்கின்றன. நைட்ரேட்டைக் காற்றில்லாத தொட்டிக்குத் திருப்பி அனுப்பி, புதிதாக வரும் சாக்கடையோடு கலந்தால், அதிலுள்ள அழுக்கை எரிக்க நைட்ரேட்டின் ஆக்சிஜனே பயன்படும், கிராமுக்கு 2.86 கிராம் திரும்பி வரும். செலவழித்ததில் அறுபது சதவீதத்துக்கு மேல். நீரின் காரத்தன்மையிலும் இழந்ததில் பாதி மீளும். சுண்ணாம்புச் செலவு குறையும். நைட்ரேட் வரை மட்டும் போய் நின்றுவிடும் நிலையம், கடன் கொடுத்துவிட்டு வசூலிக்காமல் விடுகிறது.

‘எங்கள் நிலையம் நைட்ரஜனுக்காக வடிவமைக்கப்பட்டதல்ல’ என்பது அடுத்த பதில். பாக்டீரியா வடிவமைப்பு வரைபடத்தைப் பார்த்து வேலை செய்வதில்லை. ஐரோப்பியக் குளிர்காலத்தில், 10 டிகிரி நீரில், நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவைத் தக்கவைக்கச் சேற்றை இரண்டு வாரம் வரை தொட்டியில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. தக்காணத்திலும் தமிழகத்திலும் சாக்கடை நீர் 25 டிகிரிக்கு மேல். நான்கைந்து நாளிலேயே அவை அழையாமல் குடியேறிவிடும். நிலைய ஆபரேட்டர்களுக்கு அதன் விளைவு தெரியும். காற்றூட்டத் தொட்டியில் உண்டான நைட்ரேட், அடுத்துள்ள தெளிவுத் தொட்டியின் அடியில் காற்றில்லாத சேற்றில் வாயுவாகும். குமிழிகள் சேற்றைத் தூக்கிக்கொண்டு வரும். மேலே கருத்த தகடுகளாக மிதக்கும். ‘ஸ்லட்ஜ் மேல வருது’ என்று தண்ணீரைப் பீய்ச்சிக் கலைப்பார்கள். நடக்கக் கூடாத தொட்டியில் நடக்கும் நைட்ரஜன் நீக்கம்தான் அது. அதை முன்னால் உள்ள தொட்டிக்கு மாற்ற ஒரு தடுப்புச் சுவரும், ஒரு கலக்கியும், ஒரு திரும்பு பம்பும் பல இடங்களில் போதும். தொகுதி தொகுதியாக நிரப்பிக் காற்றூட்டும் நவீன நிலையங்களில் அதுகூட வேண்டாம். ப்ளோயரை எப்போது நிறுத்துவது என்ற நேர அட்டவணையை மாற்றினாலே கணிசமாகக் குறையும்.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. இந்த வினைகளை அரைகுறையாகச் செய்தால், நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும். நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வெப்பமூட்டும் வாயு. காற்றை மிச்சம் பிடிக்கிறேன் என்று தொட்டியைப் பட்டினி போடும் நிலையங்கள் ஆற்றைக் காப்பாற்றி வானத்தைக் கெடுக்கும். அதனால்தான் தொட்டிக்குள் ஆக்சிஜன், அம்மோனியா அளவிகளும், அவற்றைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும் என்பது.

காற்றே மிகக் குறைவாகப் போதும் என்ற வழியும் இருக்கிறது. அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நேரடியாக மோதவிட்டு நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியா இருந்தாக வேண்டும் என்று வேதியியலாளர் எங்கெல்பர்ட் புரோடா 1977இல் காகிதத்தில் கணக்குப் போட்டே சொன்னார். 1990களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் ஒரு ஈஸ்ட் தொழிற்சாலையின் கழிவுநீரில் அது அகப்பட்டது. ராட்டர்டாமில் முதல் முழு அளவு நிலையம் 2002இல் தொடங்கி, நன்றாக ஓட மூன்றரை ஆண்டு ஆனது. பத்துப் பதினோரு நாளுக்கு ஒருமுறைதான் இரட்டிக்கும் சோம்பல் உயிர். சேற்றைப் பிழியும்போது வரும் அம்மோனியா மிகுந்த நீருக்கு அது அருமையான வழி. நம் ஊர்ச் சாக்கடை முழுவதற்கும் நாளைக்கே இதுதான் தீர்வு என்று விற்க வருபவரிடம் எச்சரிக்கை தேவை.

நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும் வரம்பு வேண்டும் என்பதற்கு நேர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 கணக்குப்படி நாட்டின் நகரங்களில் நாளொன்றுக்கு 72,368 மில்லியன் லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது. நிறுவப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 31,841. உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,236. அதாவது 28 சதவீதம். முக்கால் பங்கு சாக்கடை அப்படியே ஆற்றில் விழும் நாட்டில் மீதிக் கால் பங்கில் பாஸ்பரஸ் அளப்பது ஆடம்பரம் இல்லையா? இந்த வாதம் 2017இல் வென்றது. ஆனால் அதன் அடியில் ஒரு தவறு இருக்கிறது. மீதமுள்ள நிலையங்கள் இனிமேல்தான் கட்டப்படப் போகின்றன. கட்டப்பட்ட நிலையம் முப்பது ஆண்டு நிற்கும். ஒப்பந்தப்புள்ளியில் பிஓடி மட்டும் எழுதினால், ஒப்பந்ததாரர் பிஓடிக்கான தொட்டியை மட்டும்தான் கட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பழைய நிலையத்தை இடித்துச் சேர்ப்பதைவிடப் புது நிலையத்தில் ஒரு தொட்டி கூடுதலாகக் கட்டுவது மலிவு. ஐரோப்பிய ஒன்றியம் 1991லேயே, பாசி பெருகும் அபாயமுள்ள நீர்நிலைகளில் விடும் பெரிய நகரங்களுக்கு பாஸ்பரஸ் 1, நைட்ரஜன் 10 என்று எழுதியது.

இன்னொரு கேள்வி எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது: இந்த உரத்தை ஏன் எடுக்க வேண்டும்? வயலில் விட்டால் போதாதா? கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்புநிலத்தில் மீனவர்கள் தலைமுறைகளாக அதைத்தான் செய்கிறார்கள். ஆழம் குறைந்த குளங்களில் சாக்கடையை விட்டு வெயில் பட வைக்கிறார்கள். பாக்டீரியா அழுக்கைச் சிதைக்க, பாசி அதற்கு ஆக்சிஜன் கொடுக்க, பாசியை மீன் தின்ன, மீனை நகரம் தின்கிறது. அங்கே கழிவுநீரில் கார்பன் மட்டுமல்ல, தழைச்சத்தும் மணிச்சத்தும் மீனாகிக் கரையேறுகின்றன. அரசு இன்ஜினீயராக இருந்த துருவஜோதி கோஷ் இதை உலகுக்குச் சொன்னார். 2002இல் அந்தச் சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஆகவே எல்லா ஊருக்கும் ஒரே எண்ணை எழுதுவது மூடத்தனம். நேராக வயலுக்குப் போகும் நீரில் நைட்ரஜனை மின்சாரம் செலவழித்து வானத்துக்கு அனுப்புவது, வாங்கிய உரத்தை எரிப்பதற்குச் சமம். அங்கே பார்க்க வேண்டியவை கிருமியும் கனஉலோகமும். அணைக்கும் ஏரிக்கும் போகும் நீரில் பாஸ்பரஸ் கண்டிப்பாக 1க்குக் கீழே இருக்க வேண்டும். 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த நீரை நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை கோலார் மாவட்டத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளில் நிரப்பும் திட்டம் நடக்கிறது. வறண்ட மாவட்டம், ஆழ்துளைக் கிணறுகளில் நீர் ஏறியதில் உழவர்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அது வயலுக்குப் போகும் முன் ஏரிகளில் தேங்குகிறது. ஏரியிலிருந்து நிலத்தடிக்கு இறங்குகிறது. நைட்ரேட் ஏறிய குடிநீர் கைக்குழந்தைகளின் ரத்தத்துக்கு ஆகாது. அத்தகைய திட்டத்துக்கு வயலின் அளவுகோல் பொருந்தாது, ஏரியின் அளவுகோலே பொருந்தும்.

நுண்ணுயிரைப் பராமரிப்பவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பெங்களூரிலும் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் அடுக்குமாடி வளாகங்களின் அடித்தளத்தில் எஸ்டிபி என்ற சிறு சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. இரவில் ப்ளோயர் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று குடியிருப்பவர்கள் சொன்னால் அணைத்துவிடச் சொல்வார்கள், அவரும் அணைப்பார். காற்றும் காற்றின்மையும் முறைமாறி வருவதுதான் இந்த உயிரியலின் அடிப்படை என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த இரவு நிறுத்தத்தையே நைட்ரஜன் நீக்கும் நேரமாக அவர் மாற்றியிருப்பார். ஐடிஐகளில் ஏசி மெக்கானிக்குக்கு இருப்பதுபோல இதற்கும் ஒரு முழுப் படிப்பும், தேறியவருக்கு மட்டுமே வேலை என்ற நிபந்தனையும் வேண்டும். கோடிக்கணக்கில் கட்டிய தொட்டியின் பயன் அவர் கையில்தான் இருக்கிறது.

தென்பெண்ணை குறித்து இரு மாநிலங்களுக்கும் இடையிலான வழக்கு பெரும்பாலும் அதன் துணையாறான மார்கண்டேய நதியில் யார்கோள் அருகே கர்நாடகம் கட்டிய அணையைப் பற்றியது. எத்தனை டிஎம்சி என்பதே பேச்சு. எத்தனை மில்லிகிராம் என்ற கேள்வியும் அதே மேசையில் வைக்கப்பட வேண்டும். எல்லையில் வரும் நீரில் மொத்த நைட்ரஜன், மொத்த பாஸ்பரஸ் இரண்டையும் இரு மாநில வாரியங்களும் கூட்டாக எடுத்து, மாதந்தோறும் வெளியிட வேண்டும். தமிழகம் இதைக் கேட்கும்போது தன் வீட்டுக் கணக்கையும் கையில் வைத்திருப்பது நல்லது. அதே 2021 அறிக்கையில் தமிழக நகரங்களின் கழிவுநீர் நாளொன்றுக்கு 6,421 மில்லியன் லிட்டர், நிறுவப்பட்ட திறன் 1,492. சுத்திகரித்த நீரை ஏரிகளில் விட்டுக் குடிநீருக்குப் பயன்படுத்தும் திட்டங்களைச் சென்னை வகுத்துவருகிறது. அந்த ஒப்பந்தப்புள்ளிகளில் பாஸ்பரஸ் வரம்பு முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அளப்பது கடினம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். மாதிரியில் மாலிப்டேட் கரைசலைச் சேர்த்து, எழும் நீல நிறத்தின் அடர்த்தியைப் பார்க்கும் பழைய சோதனை அது. கொண்டுவரும் ஒரு பை மண்ணில் மணிச்சத்து எவ்வளவு என்று உழவருக்குச் சொல்ல, வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் மாவட்டந்தோறும் இதே முறையில்தான் பார்க்கின்றன.